ஒட்டும் களியும் உற்ற மருந்தும்
(திங்கட் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற அறிவியல் உரையின் எழுத்து வடிவம்)



உட்கன்னத்தில் ஒரு சிறு புண். மிளகளவுதான் இருக்கும், ஆயின் அது வந்தவர்க்கே அதன் கொடுமை தெரியும். உப்புப் பட்டால் உயிர் போகும். சோறு பட்டால் கண்ணீர் வரும். மருத்துவர் நல்ல மருந்தொன்றைத் தருகின்றார். நோயாளி அதனை விரலில் எடுத்துத் தடவுகின்றார். தடவிய விரலை வெளியே எடுப்பதற்குள் நாக்கு அவ்விடத்தைத் துழாவுகின்றது, உமிழ்நீர் ஊறிப் பெருகுகின்றது, ஒரு விழுங்கு, அவ்வளவுதான். மருந்து இரைப்பைக்குள் போய்ச் சேர்ந்தது. புண் இருந்த இடத்தில் புண்ணே இருக்கின்றது. ஒரு நாளில் மாந்தர் வாயில் ஊறும் உமிழ்நீர் ஏறத்தாழ அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை. அத்துணை வெள்ளத்தின் கரையில் வைத்த கடுகளவு மருந்து எங்ஙனம் நிற்கும்?

வாய்ப்புண்ணாவது சின்னாளில் தானே ஆறிவிடும். கண்ணுக்குள் அழுத்தம் மிகுந்து பார்வை நரம்பை அரிக்கும் நோயுடையாரை எண்ணிப் பார்க்க. அவர்க்குச் சொட்டு மருந்தே காவல். ஆயின் மருந்துக் குப்பியினின்று விழும் ஒரு சொட்டு 30 முதல் 50 மைக்ரோ லிட்டர். கண்ணிமைக்குள் நிற்கக்கூடிய நீரோ ஏறத்தாழ 30 மைக்ரோ லிட்டர்தான். அதிலும் கண்ணீர் முன்னரே இடம் பிடித்துள்ளது. எஞ்சியது கன்னத்தில் வழிகின்றது. அன்றேல், மூக்கின் உட்புறம் இறங்கும் கண்ணீர்க் குழாய் வழியே ஓடிக் குருதியிற் கலக்கின்றது. கண்ணின் உள்ளே புகுவது நூற்றுக்கு ஐந்து பங்கினும் குறைவே. மீதி வீணாவதோடு நின்றாலும் தாழ்வில்லை. கண்ணழுத்தம் தணிக்கும் திமோலால் போன்ற மருந்து குருதியிற் கலந்தால் நெஞ்சத் துடிப்பை மெதுவாக்கும். ஈளை நோயுள்ளவர்க்கு மூச்சுக் குழலை இறுக்கும். கண்ணைக் காக்க இட்ட மருந்து மூச்சை முட்டச் செய்கின்றது! மருந்து தீயதன்று, இட்ட இடத்தில் அது நில்லாமையே தீது.

ஆகலின் மருந்தியலார் முன் நின்ற வினா இதுவே: ஈரமாகவும் வழுக்கலாகவும் ஓயாது அசைந்துகொண்டும் உள்ள உயிர்த்தசையின்மேல் ஒரு பொருளை ஒட்டி நிறுத்துவது எப்படி? நிறுத்தியபின், அது தன்னுள் ஏந்திய மருந்தைச் சிறுகச் சிறுக விடுப்பது எப்படி? வேலை முடிந்ததும் தசையைப் புண்படுத்தாமல் அது விலகுவது எப்படி? இம்மூன்றையும் ஒருங்கே செய்யவல்லனவாக ஆராயப்பட்டவையே உயிரொட்டுக் களிகள்.

களி என்ற சொல்லைக் கேட்டதும் கேழ்வரகுக் களி நினைவுக்கு வந்தால் பிழையன்று. ஆயினும் அதனினும் நுங்கே பொருத்தமான எடுத்துக்காட்டு. நுங்கின் சுளையிற் பெரும்பகுதி நீர்தான். எனினும் அது ஓடுவதில்லை, வடிவு காத்து நிற்கின்றது, விரலால் அழுத்தினால் நெகிழ்கின்றது, விட்டால் மீள்கின்றது. எதனால்? மிக நீண்ட நூலிழை போன்ற மூலக்கூறுகள் சிறு பங்கே இருந்தும், ஒன்றோடொன்று பின்னி வலையாகி, அவ் வலைக்கண்களில் நீரைச் சிறைப்படுத்தியுள்ளமையால். ஓர் உறுப்பே பலமுறை அடுத்தடுத்துக் கோக்கப்பட்டு நெடுஞ்சரமான மூலக்கூறு பலபடி எனப்படும். பலபடிச் சரங்கள் நீரில் ஊறி வலையானால் நீர்க்களி. அந் நீர்க்களி உயிர்த்தசையைப் பற்றி நிற்குமாயின் உயிரொட்டுக் களி. சொல்லைக் கேட்ட அளவிலேயே பொருள் பாதி விளங்கிவிடுகின்றது. இதனை ஆங்கிலப் பெயரால் சொல்லியிருந்தால் பெயரை விளக்கவே கால் மணிநேரம் போயிருக்கும்.

மருத்துவத்திற்கெனச் செயற்கை நீர்க்களியை உலகுக்குக் காட்டியவர்களுள் முதல்வர் செக்கு நாட்டு வேதியியலார் ஓட்டோ விக்டர்லே. அவரும் லிம் என்பாரும் 1960-இல் அக் களியைப் பற்றி எழுதினர். 1961-ஆம் ஆண்டுக் கிறித்துமசு நாள்களில் அவர் தம் வீட்டு மேசைமேல், சிறுவர் விளையாட்டுக் கருவித் துண்டுகளையும் மிதிவண்டி மின்னாக்கியையும் இணைத்துச் சுழல்பொறி ஒன்று செய்து, அதிலேயே மெல்லிய கண்வில்லைகளை வார்த்தெடுத்தார். பெரும்பொருள் இல்லாவிடத்தும் பேரறிவு முடங்காது என்பதற்காக இதனை இடையே சொல்ல நேர்ந்தது. அவர் களி கண்ணில் மிதந்தது, ஒட்டவில்லை. ஒட்டுங் களியின் வரலாறு வேறு.

அவ் வரலாறு ஒரு பிசினில் தொடங்குகின்றது. ஈரான், துருக்கி ஆகிய நாடுகளின் வறண்ட மலைச்சரிவுகளில் வளரும் முட்செடிகளின் வேரையும் தண்டையும் கீறினால் வடியும் பிசினைத் திரகாந்தம் என்பர். அமெரிக்கப் பல் மருத்துவர் இருவர், செயற்கைப் பல்வரிசையை ஈற்றில் ஒட்டப் பயன்பட்ட பொடியோடு இப் பிசினைக் கலந்து, அதில் பெனிசிலினைச் சேர்த்து வாயின் உட்பரப்பில் ஒட்டினர். அது 1947-ஆம் ஆண்டு. மருந்தை ஒட்டவைக்கும் முறைக்கு இதனையே முதற்படியாக ஆய்வு நூல்கள் பெரும்பாலும் குறிக்கின்றன. அதன்பின் பழப்பெக்டின், எலும்புப் பசையான செலாட்டின், மரநாரிலிருந்து ஆக்கப்படும் கார்பாக்சி மீதைல் செல்லுலோசு ஆகிய மூன்றையும் எண்ணெய்ப் பசையிற் குழைத்த வாய்ப்பூச்சு வந்தது. புண்மேல் அதனைத் தேய்க்கக்கூடாது, ஒற்றியெடுக்க வேண்டும். தேய்த்தால் மணல்போல் நெறுநெறுத்துத் திரளும். ஒற்றினால் ஈரத்தை உறிஞ்சிப் படலமாகும்.

இனி, ஒட்டுதல் என்பதுதான் யாது? இங்கே முதலில் அறியவேண்டியது, களி ஒட்டுவது பெரும்பாலும் தசையின்மேல் அன்று. தசையைப் போர்த்துள்ள சளியின்மேல் என்பது. வாய், மூக்கு, கண், இரைப்பை, குடல், கருவாய் ஆகிய எல்லாவற்றின் உட்பரப்பும் சளியால் மூடப்பட்டுள்ளன. சளி என்றதும் முகம் சுளிக்க வேண்டுவதில்லை. அதுவும் ஒரு நீர்க்களியே. உடல் தானே செய்து தானே மாற்றிக்கொள்ளும் களி. நூற்றுக்கு 95 பங்கு நீர். எஞ்சியதில் முதன்மையானது சளிப்புரதம். இதன் மூலக்கூறு, குப்பி கழுவும் தூரிகை போன்றது: நடுவில் புரதத் தண்டு, அதனைச் சுற்றி மயிர்போல் இனியச் சரங்கள். அச் சரங்களின் முனைகளிற் பல எதிர்மின் ஏற்றம் உடையவை. தண்டின் சில இடங்களில் கந்தகக் கைகள் உள; அவை கைகோத்தே பல தூரிகைகள் ஒரு பெருவலையாகின்றன. இந்த அமைப்பை மனத்திற் கொண்டால் மேல்வருவன எல்லாம் எளிதாம்.

ஒட்டுதலைப் பற்றிய கோட்பாடுகளை அறிஞர் ஐந்தாறாகப் பிரித்துப் பெயரிட்டுள்ளனர். அப் பெயர்களையெல்லாம் அடுக்குவதினும், தமிழில் முன்னரே உள்ள வினைச்சொற்களை வைத்து நோக்கினால் அக் கோட்பாடுகள் நிரலாகவே வந்து நிற்கின்றன. முதலில் களி சளியின்மேற் படர வேண்டும். இலையில் நீர் உருண்டு நிற்பதுபோல் நின்றால் ஒட்டு இல்லை. படர்ந்தபின் ஒன்றையொன்று கவர வேண்டும். இரு பரப்புகளுக்கிடையே மின்னேற்றம் பெயர்ந்து இருபடையாக நிற்பதால் கவர்ச்சி உண்டாம் என்று உருசிய அறிஞர் தெர்யாகின் வழியினர் கூறினர். கவர்ந்தபின் பற்ற வேண்டும். களியின் கைகளும் சளிச்சரத்தின் கைகளும் நீரகப் பிணைப்பால் பற்றிக்கொள்கின்றன. ஒரு பிணைப்பு மெல்லியது, நொடியில் அறுவது. ஆயிரமாயிரம் பிணைப்பு ஒருங்கே நின்றால் அறுப்பது அரிது. கடைசியாகப் பின்ன வேண்டும். பெப்பாசு, பூரி என்னும் இருவர் 1985-இல் வலியுறுத்தியது இதனையே: களியின் தளர்ந்த சரமுனைகள் சளிக்குள்ளும், சளியின் சரமுனைகள் களிக்குள்ளும் ஊடுருவி, இரு கூந்தல்கள் சிக்கிக்கொண்டாற்போல் பின்னிக்கொள்கின்றன என்பது. படர்தல், கவர்தல், பற்றுதல், பின்னுதல். ஒட்டுதல் என்ற ஒரு சொல்லுக்குள் இந் நான்கும் அடங்கியுள்ளன. இவற்றுள் எது உண்மை என்று வழக்காடியவர் பலர். வழக்கு வீண், ஒன்று இல்லாமல் மற்றொன்று நிகழ்வதில்லை.

பின்னவேண்டுமாயின் சரம் நீளமாக இருத்தல் வேண்டும் என்பது வெளிப்படை. பாலி எத்திலீன் கிளைக்கால் என்னும் பலபடியை எடுத்துக்கொள்க. அதன் மூலக்கூற்று எடை 20,000 ஆக இருக்கும்போது ஒட்டு அரிதே. 2,00,000 ஆனால் நன்கு ஒட்டுகின்றது. 4,00,000 ஆனால் இன்னும் மேலாக ஒட்டுகின்றது. ஆனால் நீளம் மட்டும் போதும் என்று முடிவு கட்டுதல் ஆகாது. தெக்குதிரான் என்னும் இனியப் பலபடியின் எடை 1,95,00,000. அஃதாவது முன்னதைப்போல் ஏறத்தாழ நூறு மடங்கு. அதன் ஒட்டோ 2,00,000 எடையுள்ள முன்னதன் ஒட்டை ஒத்ததே. கரணியம் யாதெனின், தெக்குதிரான் சரம் திருகித் திருகிச் சுருண்டு, பற்றக்கூடிய கைகளைத் தன்னுள்ளேயே மறைத்துக்கொள்கின்றது. கை நீளமாயிருந்து பயன் என்? மடக்கி அக்குளில் வைத்துக்கொண்டால் யாரோடு கைகோப்பது?

வலையின் நெருக்கமும் அவ்வாறே. சரங்களைக் குறுக்கே பிணைக்கும் பிணைப்பு மிகுந்தால் களி உறுதியாகும், ஆனால் சரமுனைகள் அசைய இடமின்றி இறுகும், ஒட்டுக் குறையும். குறுக்குப்பிணைப்பே இல்லையெனில் சரம் நீரிற் கரைந்து ஓடிவிடும். ஆகவே தளர்ந்த வலையே வேண்டுவது.

நீரின் செய்திதான் எல்லாவற்றினும் நுட்பமானது. இவ் அவையில் சுவரொட்டி ஒட்டாதவர் சிலரே இருப்பர்! பசை காய்ச்சும்போது நீர் மிகுந்தால் தாள் வழிந்து இறங்கும். நீர் குறைந்தால் கட்டியாகித் தாள் உதிரும். இரண்டுக்கும் இடையே ஒரு பதம் உண்டு. உயிரொட்டுக் களிக்கும் அதுவே விதி. உலர்ந்த பலபடி ஈரத்தைத் தொட்டதும் சளியிலிருந்து நீரை உறிஞ்சுகின்றது. அவ்வுறிஞ்சலால் சளியும் நீரிழந்து கெட்டிப்படுகின்றது. கெட்டிப்பட்ட சளி முன்னினும் உறுதியான பிடிகொம்பாகின்றது. உலர்ந்த வில்லை பொதுவாகக் களியினும் வலுவாக ஒட்டுவது இதனாலேயே. ஆயின் உறிஞ்சல் அத்தோடு நிற்பதில்லை. பாலிகார்போப்பில் என்னும் பலபடி தன் எடையைப்போல் அறுபது மடங்குக்கு மேலும் நீரை ஏற்கவல்லது. புடைத்துப் புடைத்து, ஈற்றில் வெண்டைக்காய்ச் சாறுபோல் வழுக்கலாகின்றது. ஒட்டைத் தந்த நீரே ஒட்டைக் கெடுக்கின்றது. இந்தப் புடைப்பு எத்துணை மணிநேரத்தில் எல்லை கடக்கும் என்பதைப் பொறுத்தே ஒரு மருந்து ஒட்டிநிற்கும் காலம் அமைகின்றது.

அடுத்தது காடித்தன்மை. பி.எச். எனப்படும் குறியெண்ணால் அதனை அளப்பர். எண் குறையக் குறையக் காடி மிகும். அமெரிக்க நாட்டு விசுகான்சின் பல்கலைக்கழகத்தில் யோசப்பு இராபின்சன் என்னும் பேராசிரியரும் அவர் மாணவரும் 1980களில் பாலிகார்போப்பிலை இரைப்பைத் தசையில் ஒட்டிப் பிரித்துப் பிரித்து அளந்தனர். குறியெண் 3 அளவில் ஒட்டு மிக வலுவாக இருந்தது. ஏற ஏறக் குறைந்தது. 5-க்கு மேல் அற்றே போனது. ஏன்? இப் பலபடியின் கைகள் காடி மிகுந்தவிடத்தில் நீரக அணுவைத் தாங்கி நிற்கும். அந் நீரகத்தால்தான் சளியைப் பற்றும். காடி குறைந்தவிடத்தில் அந் நீரகத்தை இழந்து எதிர்மின் ஏற்றம் பெறும். சளியும் எதிர்மின் உடையது. ஒத்த ஏற்றங்கள் ஒன்றையொன்று தள்ளும். பற்றிய கையே தள்ளும் கையாகின்றது.

இதற்கு மாறான இயல்புடையது கைட்டோசான். இறால், நண்டு இவற்றின் ஓட்டிலிருந்து எடுப்பது. நேர்மின் ஏற்றம் பெறக்கூடிய பலபடிகளுள் இஃது ஒன்று. ஆகவே எதிர்மின் சளியை இயல்பாகவே நாடுகின்றது. அன்றியும் தோற்செல்களுக்கு இடையேயுள்ள இறுக்கமான மூட்டுகளைச் சற்றே நெகிழ்த்து, பெரிய மூலக்கூறுகளுக்கும் வழிவிடச் செய்கின்றது. 1994-இல் இங்கிலாந்து ஆய்வாளர் இதனைக் கொண்டு ஆடுகளின் மூக்கு வழியே இன்சுலினைச் செலுத்திக் குருதியின் இனிய அளவு குறைவதைக் காட்டினர். ஊசியின்றி இன்சுலின் என்னும் கனவு நாள்தோறும் ஊசிக் குத்தேற்கும் நீரிழிவாளர் எத்துணைப் பேருடைய கனவு! ஆனால் ஆட்டுமூக்கில் நிகழ்ந்தது மாந்தர் மருந்தாகிக் கடைக்கு வருவதற்குள் இடையே கிடக்கும் தொலைவு பெரிது. கைட்டோசானுக்கு ஒரு குறையும் உண்டு: காடி குறைந்த இடத்தில் அது கரைவதில்லை, ஏற்றத்தையும் இழக்கின்றது. கடல்தரும் இன்னொரு பலபடி ஆல்சினேட்டு. பழுப்புக் கடற்பாசியில் விளைவது. இராமநாதபுரக் கடலோரத்தில் தொழிலாளர் திரட்டும் பாசிகளுள் இதற்குரியனவும் உள.

வாய்ப்புண்ணுக்குத் திரும்புவோர்க்கு ஒரு நல்ல செய்தி. சப்பானிய மருந்தியற் பேராசிரியர் சுனேசி நாகாயும் அவர் குழுவினரும் செல்லுலோசு வகை ஒன்றையும் கார்போப்பால் என்னும் பலபடியையும் கலந்து, இரண்டு அடுக்குள்ள மெல்லிய சிறு வில்லை ஒன்றை ஆக்கினர். ஓரடுக்கு மருந்தும் ஒட்டுப்பொருளும் கொண்டது. அது புண்ணைப் பற்றும். மேலடுக்கு நிறமூட்டிய பால் இனியம். அது நாக்கின் பக்கம் நின்று, விரலிலும் நாவிலும் ஒட்டாமற் காத்துப் பின் கரைந்து போகும். எவ்வளவு எளிய சூழ்ச்சி பாருங்கள்! ஒட்டும் பொருள் எதிலும் ஒட்டும். வைக்கும் விரலையும் விடாது. ஒரு பக்கம் மட்டுமே ஒட்டச்செய்வதில்தான் அறிவு இருக்கின்றது. இவ் வில்லை சப்பானில் 1980களில் விற்பனைக்கும் வந்தது. அதற்கு முன்னரே, 1970களின் இறுதியில், இதே குழுவினர் கருப்பைவாய்ப் புற்றின்மேல் புற்றுநோய் மருந்தை ஒட்டிவைக்கும் வட்டுகளையும் ஆராய்ந்துள்ளனர். உடலெல்லாம் நஞ்சூட்டாமல் புற்றுள்ள இடத்திற்கு மட்டும் மருந்தைத் தருவது என்னும் எண்ணம் அதன் அடியில் இருந்தது.

வாயில் வென்ற ஒட்டு வயிற்றில் என்ன ஆயிற்று? இதனைச் சற்று விரித்தே சொல்லவேண்டும். ஏனெனில் அறிவியலின் நேர்மை வெற்றியில் அன்று, இத்தகைய இடத்தில்தான் தெரியும்.

காலை ஒரு வில்லை விழுங்கினால் அது இரைப்பையின் சுவரில் ஒட்டிக்கொண்டு நாள் முழுதும் மருந்தைச் சொட்டவேண்டும் என்பது அன்றைய ஆய்வாளர்தம் பேரவா. விசுகான்சின் குழுவினர் எலிகளில் அதனைச் செய்தும் காட்டினர். பாலிகார்போப்பில் கலந்த மணிகளை எலிக்குக் கொடுத்து ஆறு மணிநேரம் கழித்துப் பார்த்தபோது, நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்குமேல் இரைப்பையிலேயே இருந்தன. அது 1985. செய்தி உலகெங்கும் பரவிற்று. ஆனால் 1987-லும் 1990-லும் மாந்தர்க்குக் கதிர்வீச்சுச் சுவடிட்ட மணிகளைக் கொடுத்துப் பின்தொடர்ந்து பார்த்தபோது, ஒட்டுப்பொருள் சேர்த்தவையும் சேர்க்காதவையும் ஏறத்தாழ ஒருபோலவே இரைப்பையை விட்டு இறங்கின. எலியில் நின்றது மாந்தரில் நிற்கவில்லை.

கரணியத்தின் ஒரு பகுதி 1991-இல் வெளிப்பட்டது. நெதர்லாந்தில் இலேர் என்பாரும் உடன் ஆய்ந்தவரும் எலிக்குடலின் சளி எவ்வளவு விரைவில் புதுப்பிக்கப்படுகின்றது என்று கணித்தனர். 47 முதல் 270 மணித்துளிக்குள் சளிப்படலம் முழுதும் மாறிவிடுகின்றது என்பது விடை. அஃதாவது, களி எவ்வளவுதான் இறுகப் பற்றினும், அது பற்றிய சளியே சில மணிநேரத்தில் கழன்று ஓடுகின்றது. ஓடும் படகைப் பிடித்துக்கொண்டு கரையில் நிற்பதாக எண்ணிய கதை! அன்றியும் இரைப்பைக்குள் உதிர்ந்து மிதக்கும் சளி நிரம்ப உண்டு. வில்லை சுவரை அடையுமுன் அம் மிதக்கும் சளியிலேயே ஒட்டிக்கொண்டு, ஒட்டுந்திறனையெல்லாம் வழியிலேயே செலவிட்டுவிடுகின்றது. இதில் யாரும் பொய் சொல்லவில்லை. எலியின் இரைப்பையில் கண்டதை மாந்தர்க்கும் ஆகும் என்று விரைந்து நம்பியதே பிழை. எனினும் இப் பிழையால்தான் ஒட்டின் வலிமையைப் பற்றியே பேசிவந்தவர்கள் ஒட்டப்படும் பரப்பின் நிலைபேற்றைப் பற்றியும் எண்ணத் தொடங்கினர்.

அளத்தலைப் பற்றியும் ஒரு சொல். 1984-இல் பிரித்தானிய ஆய்வாளர் மூவர், பலபடி பூசிய கண்ணாடித் தகட்டைச் சளியில் அமிழ்த்தி, வெளியே இழுக்க எவ்வளவு விசை வேண்டும் என்று அளந்தனர். எளிய முறை, நல்ல முறை. பிறர் வேறு வேறு முறைகளைக் கண்டனர். ஆனால் எவ்வளவு நேரம் அழுத்தினர், எவ்வளவு விசையால் அழுத்தினர், எவ்வுயிரின் சளி, எவ்வளவு ஈரம் என்பவை ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறுகின்றன. ஆகையால் ஓரிடத்து எண்ணை மற்றோரிடத்து எண்ணோடு ஒப்பிட்டு இது மேல் அது கீழ் என்பது பொருந்தாது. பிரியும்போது எங்கே பிரிகின்றது என்பதையும் நோக்கவேண்டும். களிக்கும் சளிக்கும் இடையிலா, சளிக்குள்ளேயா, களிக்குள்ளேயா? மூன்றில் எது மெலிந்ததோ அங்கேதான் அறும். சளி அறுந்தால் களியைக் குறைகூறிப் பயனில்லை.

சளியின் கந்தகக் கைகளை முன்னர்க் கூறியது நினைவிருக்கும். 1999-இல் ஆத்திரிய மருந்தியலார் பெர்ன்காப்பு-சினூர்க்கு என்பாரும் உடனிருந்தோரும் பலபடியிலும் அத்தகைய கந்தகக் கைகளைப் பொருத்தினர். இரு கந்தகமும் கூடினால் உண்டாவது நீரகப் பிணைப்புப்போல் நொடியில் அறுவதன்று, உறுதியான வேதிப்பிணைப்பு. சளி தன்னைத்தான் பின்னிக்கொள்ளக் கையாளும் அதே முடிச்சைக் களிக்கும் கற்றுக்கொடுத்தார் என்க. ஆனால் இதுவும் சளி கழன்று ஓடுவதைத் தடுக்காது. முடிச்சு எத்துணை உறுதியாயினும் தூணே பெயர்ந்தால் என் செய்வது?

இவ்வளவும் ஒட்டைப் பற்றியன. மருந்தை விடுத்தல் எங்ஙனம் எனின், நீர் உள்ளே புகுந்து வலைக்கண்கள் விரிய விரிய, சிறிய மருந்து மூலக்கூறு அக் கண்களினூடே நழுவி வெளியேறுகின்றது. பெரிய மூலக்கூறு காத்திருந்து, களியின் மேற்பரப்புக் கரையும்போது வெளியேறுகின்றது. களியின் குழைவும் இங்கே கருதத்தக்கது. நல்ல களி குழலினின்று பிதுக்கும்போது இளகவேண்டும். இட்டபின் மீண்டும் இறுகவேண்டும். கார்போப்பால் களி இவ் இயல்புக்குப் பெயர்போனது. குறித்த அளவுக்கு மேல் தள்ளினாலன்றி நகராது.

இன்னொரு வழியும் உண்டு. நீர்மமாகவே ஊற்றி, உடலுக்குள் போனபின் களியாக்குவது. போலாக்சமர் என்னும் பலபடி தண்ணிய நிலையில் நீர்போல் ஓடும், உடற்சூட்டில் உறையும். பொதுவாக ஆறினால் உறையும் பொருளையே கண்டு பழகியவர்க்கு இது வியப்பாகும். நுண்ணுயிரி ஒன்று ஆக்கித்தரும் செல்லான் என்னும் பிசினோ கண்ணீரிலுள்ள உப்பைக் கண்டதும் களியாகின்றது. முதலிற் சொன்ன கண்நோய்க்கு விடிவு தந்தவற்றுள் ஒன்று இதுவே. திமோலால் மருந்தைச் செல்லானோடு சேர்த்த சொட்டு 1990களில் வழக்கிற்கு வந்தது. பழைய சொட்டை நாளுக்கு இருமுறை இடவேண்டும். இதனை ஒருமுறை இட்டாலே கண்ணழுத்தம் அதனளவு தணிந்தது. மறதியுள்ள முதியவர்க்கு ஒருமுறை என்பது எத்துணைப் பெரிய உதவி என்பதை வீட்டில் முதியோர் உள்ளவர் அறிவர். கடையில் இட்டவுடன் சற்று நேரம் பார்வை மங்கும். களி படர்ந்திருக்கும்வரை அம் மங்கலைப் பொறுக்கவேண்டும். வேறு சொட்டு மருந்தும் இடவேண்டியிருந்தால் அதனைப் பத்து மணித்துளி முன்னரே இட்டுவிடுதல் முறை. களிக்குமேல் இட்டால் அது உள்ளே புகாது.

தீங்கையும் மறைத்தல் ஆகாது. நீரேற்றுப் புடைக்கும் பிசின்களைப் பொடியாகவோ வில்லையாகவோ போதிய நீரின்றி விழுங்கினால், அவை இரைப்பையை அடையுமுன் தொண்டையிலேயே புடைத்து அடைத்துக்கொள்ளும். அமெரிக்க அரசு 1993-இல் இத்தகைய பண்டங்களின் மேலுறையில் எச்சரிக்கை பொறித்தே விற்கவேண்டுமென ஆணையிட்டது. செயற்கைப் பல் ஒட்டும் பசைகளில் சேர்க்கப்பட்டிருந்த துத்தநாகமும் அத்தகையதே. அளவுமீறி நாள்தோறும் பூசியவர் உடலில் துத்தநாகம் மிகுந்து, செம்பு குறைந்து, நரம்புகள் தளர்ந்து நடையே தடுமாறியதை 2008-இல் மருத்துவர்கள் எழுதினர். ஒட்டுப்பொருள் தீங்கற்றதாயினும் உடன்சேர்ந்தது எது என்று பார்க்க வேண்டும்.

ஈற்றில் விலகுதல். ஒட்டிய களியை யாரும் உரித்தெடுப்பதில்லை. ஆண்மைச் சுரப்புநீர் குறைந்தவர்க்கென 2003-இல் அமெரிக்காவில் இசைவு பெற்ற ஒரு வில்லை, மேல்வரிசை முன்பல்லுக்கு மேலே ஈற்றில் ஒட்டிப் பன்னிரண்டு மணிநேரம் நின்றது. அதனை மட்டும் கையாலெடுத்து மாற்றினர். கருத்தங்கல் வேண்டி மகளிர் கருவாயில் இடும் பாலிகார்போப்பில் களி 1997-இல் அங்கு இசைவு பெற்றது. கருவாயின் இயல்பான காடித்தன்மை, குறியெண் நான்கு ஐந்து அளவில், அப் பலபடியின் கைகளுக்கு இசைந்ததே. உமிழ்நீர்போல் ஓயாத வெள்ளமும் அங்கில்லை. அக் களி தசையின் மேற்செல்களைப் பற்றி நின்று, அச் செல்கள் முதிர்ந்து உதிரும்போது, மூன்று நாளளவில், அவற்றோடு தானும் உதிர்ந்து போகின்றது.